மஞ்சள் மார்க்

ஆகஸ்ட் 12, 2014, செவ்வாய்

கார் கம்பெனி லைனில் பிரேக் போல்ட்டை முறுக்கப் போனபோது பேண்ட் பையில் ஒளித்து வைத்திருந்த போன் அதிர்ந்தது. நாத்தனார் அனுப்பிய ரோஜாப்பூ படம். பந்தியிலும் பாதிச் சாப்பாட்டில் கூப்பிட்டு எழுப்புகிறவள் அவள். நிமிர்ந்து பார்த்தால் போல்ட்டில் மஞ்சள் மார்க் இருந்தது. முறுக்கிய பிறகுதான் அதைப் போட வேண்டும். போட்டது என் கைதான். முறுக்கியது மட்டும் ஞாபகமில்லை. அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

பக்கத்தில் நிற்கும் செல்வியிடம் கேட்டேன்.

"நான் முறுக்குனத பாத்தியாடி?"

"இன்னாக்கா, உன் கை செஞ்சத என்னாண்ட கேக்குற?" என்று சிரித்தாள்.

அந்த வண்டியில் எவளோ பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போவாள். வேலை போனாலும் போகட்டும், காலையில் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட வேண்டும். எந்த வண்டி என்று கேட்பார். வெள்ளை என்பது மட்டும்தான் நினைவிருக்கிறது. இன்று வந்ததெல்லாம் வெள்ளைதான்.