வேலை நிரந்தரமா?

உங்களுக்குப் பின் எனக்கு வரும் பென்ஷனுக்காக வங்கியில் கொடுத்த படிவத்தில் ‘நிரந்தர முகவரி’ என்று ஒரு கட்டம். பேனாவைப் பிடித்துக்கொண்டே சிரித்துவிட்டேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நான் ஏன் சிரித்தேன் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நம் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்த சொல்லல்லவா அது! தென்காசியில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று, உங்கள் மாமா வாய் கூசாமல் நிரந்தர உத்தியோகம் என்று சொல்லி முடித்திருந்தார். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சம்பிரதாயத்துக்கு உங்களிடமும் ஒரு வார்த்தை கேட்டார். நீங்கள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தீர்கள்.

“இல்ல. குத்தாலத்துல சீசனுக்கு மட்டும் எடுத்த குமாஸ்தா. சாரல் நின்னா வேலையும் நின்னுரும்.”

உங்கள் மாமா உங்கள் காலை மிதித்ததை அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். அப்பா வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம். பெண் வாய் திறக்கிற வழக்கமில்லை. நான் திறந்தேன்.

“எனக்குச் சம்மதம்ப்பா.”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று நாள் அப்பா என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சரி என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகும் ஆனியில் வேலை வரும், புரட்டாசியில் போகும். மற்ற மாதங்களில் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் மூட்டைக்குப் பேரெழுதப் போவீர்கள். ஒழுகும் ஓட்டைக் காட்டி, நம் வீட்டில் நிரந்தரம் இது ஒன்றுதான் என்று கேலி செய்வீர்கள். நானும் சிரிப்பேன். ஆனால் ஒவ்வொரு புரட்டாசிக்கும் பயந்தேன். அதை உங்களிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் ஒருவழியாக வேலை நிரந்தரம் என்று உத்தரவு வந்தது. அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார். மடித்து உங்கள் கையிலேயே திருப்பித் தந்தார்.

“நான் வேலைய விசாரிச்சேன் மாப்ள. ஆள விசாரிச்சிருக்கணும்.”

இப்போது நம் பேத்திக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையனுக்குக் காண்ட்ராக்ட் வேலை என்று நம் மகன் இழுத்துக்கொண்டிருந்தான். நேற்று அந்தப் பையனே போன் செய்து, தை மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, அதற்கப்புறம் தனக்கே தெரியாது என்று சொல்லியிருக்கிறான். இதைச் சொல்லிவிட்டு மகன் என் முகத்தைப் பார்த்தான்.

பேத்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். பிடித்திருக்கிறது என்றாள். நாள் பார்க்கச் சொல்லிவிட்டேன்.