கை எட்டாத முதுகு

என் பட்டுச்சேலை அப்பாவுக்கு,

இப்படிக் கூப்பிட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். தி.நகர் கடையில் சேலையைப் பிரித்து, உங்கள் தோளிலேயே போட்டு முந்தானையைக் காட்டுவீர்களே, அந்த அப்பாவுக்குத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு இருந்தது எனக்கும் வந்துவிட்டது. முதலில் முழங்கை, பிறகு தலை, இப்போது முதுகு. சிவந்து தடித்து, வெள்ளையாகச் செதில் உதிர்கிறது. ஃபோனில் சொன்னதும் அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே அவள் அழுவதைக் கேட்டேன்.

அடையாறில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். சொரியாசிஸ் என்றார். அந்தப் பெயரை நம் வீட்டில் யாரும் சொன்னதே இல்லையே அப்பா?

"உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே ஆள் தெரியாம உங்க தோல் மேல பாயுதும்மா. அதான் தோல் அவசர அவசரமா வளர்ந்து உதிருது. தொத்து வியாதி இல்ல. தொட்டா யாருக்கும் வராது."

"கத்தரிக்காய், கருவாடு?"

"தாராளமா சாப்பிடுங்க."

எண்ணெய்க் கத்தரிக்காய் உங்களுக்கு உயிர். அரிப்புக்கு அதுதான் காரணம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வாசனையை மட்டும் பிடித்துவிட்டு ரசத்துக்குப் போவீர்கள். டாக்டரிடம் அதைச் சொல்ல நினைத்தேன்.

வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். அப்பாவுக்கு இருந்தது, மாரடைப்பில் போய்விட்டார் என்றேன். இது தோலோடு நிற்பதில்லை, மூட்டு, இருதயம், சர்க்கரை எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். உங்களிடம் யாராவது இதைச் சொல்லியிருந்தால்?

"அடியோட போகாது. அடக்கி வைக்கலாம். தோல் தெளிஞ்சதும் நீங்களா மருந்தை நிறுத்திடாதீங்க."

நீங்கள் ஒவ்வொரு முறையும் அதைத்தான் செய்தீர்கள். தெளிந்த அன்றே ட்யூபைத் தூக்கி வீசிவிட்டு, அரைக்கைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி கடைக்குக் கிளம்புவீர்கள். மார்கழி வந்தால் மறுபடி முழுக்கை. ஒருநாள் சேலை பார்க்க வந்த ஒரு அம்மா உங்கள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "வேற ஆளை விட்டுக் காட்டச் சொல்லுங்க" என்றாராம். முதலாளி அண்ணாச்சி உங்களைப் பார்சல் கட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து துண்டைத் தனி ஆணியில் மாட்டினீர்கள். என் தலையில் கை வைப்பதையும் அன்றோடு நிறுத்தினீர்கள். எனக்குக் கோபம். என்னை உங்களுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்றே நினைத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா அப்பா?

இப்போது வேளச்சேரி வீட்டில் நானும் துண்டைத் தனியாகத்தான் மாட்டுகிறேன், டாக்டர் அவ்வளவு சொன்ன பிறகும். உங்கள் பேத்தி யாழினி மடியில் சாய வந்தால், அடுப்பில் ஏதோ இருப்பதுபோல் எழுந்துவிடுவேன். அவள் முகம் சுருங்குவது தெரியும். என்னைப் பெற்றவர் நீங்கள்தானே.

போன ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு அறைக் கதவைத் தாழ்போட்டேன். அவளுடைய ஸ்கேல் நுனியில் பஞ்சைச் சுற்றி, முதுகுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். மயிலாப்பூர் வீட்டின் கதவிடுக்கில் நீங்கள் இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அம்மாவைக்கூடக் கிட்டே விடமாட்டீர்கள். கதவு தட்டப்பட்டது.

"அம்மா, என் ஸ்கேல் எங்க? மேத்ஸுக்கு வேணும்."

திறந்தேன். ஸ்கேலைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள்.

"ஐய, ஸ்கேல்ல போய் யாராவது மருந்து போடுவாங்களா? திரும்பும்மா."

பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு விரலாலேயே தடவினாள். வாயில் ஏதோ பாட்டு. நான் சுவரைப் பார்த்து நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவள் விரல் ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான். கையைக் கழுவச் சொன்னேன். அது மருந்துக்காக, வேறெதற்கும் இல்லை. அவள் போய்ப் பாடத்தில் உட்கார்ந்த பிறகும் நான் அதே இடத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். உங்கள் முதுகில் அந்த இடத்தை யாருமே தொட்டதில்லை.

மருந்தை நானாக நிறுத்த மாட்டேன் அப்பா. இருதயத்தையும் பார்த்துக்கொள்கிறேன். வருகிற உங்கள் திதிக்கு எண்ணெய்க் கத்தரிக்காய் படைக்கிறேன், வயிறாரச் சாப்பிடுங்கள். இனி கதவைத் தாழ்போட மாட்டேன்.

உங்கள் மகள்,
யாழினியின் அம்மா.