இந்த உறைக்குள் வரும் வால்வு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பில் குறை ஒன்றும் இல்லை, புத்தியில் உள்ள குறையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது நீ ஒரு குட்டி நீராவி எஞ்சினும் பாய்லரும் அனுப்பினாயே, அதை ஒரு மாதிரிப் படகுக்குள் பொருத்துவதுதான் ஆறு மாதமாக இந்த வீட்டின் ஒரே தொழில். நான் படிக்கிற மேஜை போயிற்று. புத்தகங்களெல்லாம் துணி அலமாரியில் போர்வைகளுக்கு நடுவே படுத்துக் கிடக்கின்றன. மேஜையில் ஒரு மீட்டர் நீளத்துக்குப் படகு, அதைச் சுற்றி மரத்தூள், ஸ்பிரிட் வாடை.

உள்ளதைச் சொல்ல வேண்டும், அப்பா தனியாக இருந்தவரை வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. பாய்லரில் தண்ணீர் நிரப்பி என் சமையலறைத் தராசில் எடை பார்த்தார், அதே எடைக்கு மணல் பொட்டலம் கட்டிப் படகுக்குள் முன்னும் பின்னும் நகர்த்தி வைத்துக் குளியல் தொட்டியில் மிதக்கவிட்டார், எந்த இடத்தில் வைத்தால் படகு மூக்கைத் தூக்காமல் நிற்கிறதோ அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். எஞ்சினும் புரொப்பல்லர் தண்டும் ஒரே நேர்கோட்டில் வர நான்கு நாள், எஞ்சினுக்கு அடியில் காகிதத் துண்டுகளைச் சொருகுவதும் உருவுவதுமாக இருந்தார், கடைசியில் ஊதினாலே சுற்றியது. அப்புறம்தான் அட்மிரல் வந்தார். அப்பா சேர்ந்திருக்கிற மாதிரிப் படகுச் சங்கத்தின் தலைவர், பட்டப்பெயர் நான் வைத்தது. குடிநீர் அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு நகர்த்தியவர், தண்ணீரைத் தாளில் மட்டும் பார்த்தவர், தலையில் மட்டும் கப்பல்காரத் தொப்பி. வந்த அன்றே படகை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “என்ன சார், புகைபோக்கி வெளியவே தெரியல, பாய்லரை ரெண்டு விரல் தூக்கி வைங்க, அப்பத்தான் கம்பீரமா இருக்கும்” என்றார். அப்பா தூக்கி வைத்தார். தொட்டியில் விட்டதும் படகு குடித்துவிட்டு வந்தவனைப் போலப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது. “தண்ணி ஆடுது” என்றார் அட்மிரல். குளியல் தொட்டியில் தண்ணீர் ஆடுகிறதாம்! ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல், இவருக்குத் தொட்டி கோணல். பாய்லர் பழைய கோட்டுக்கே இறங்கிவிட்டது, ஆனால் அந்தத் தோல்விக்கு ஈடாகப் பித்தளை நங்கூரம், பித்தளைக் கம்பி, பித்தளை மணி என்று மேலே ஏற்றிக்கொண்டே போனார் அட்மிரல். இப்போது படகு பாத்திரக்கடை மாதிரி மின்னுகிறது, பாத்திரக்கடை மாதிரியே கனக்கிறது.

போன வாரம் படகைக் குளியல் தொட்டியில் விட்டு நீராவி ஏற்றினார்கள். பாய்லர் தலையில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சேஃப்டி வால்வு இருக்கிறதே, உள்ளே அழுத்தம் கூடிப்போனால் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு ஆவியை வெளியே விடுகிற சாமான், அதைக் கழற்றினால்தான் தண்ணீரும் ஊற்ற முடியும், பட்டறை வைத்திருக்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு பித்தளையையும் சுமந்துகொண்டு படகு நகர மாட்டேன் என்றது, அப்பா பாய்லருக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிட் விளக்கின் தீயைக் கூட்டினார், அழுத்தம் காட்டும் கேஜின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் வால்வு புஸ்ஸென்று திறந்தது. அன்றைக்கு இந்த வீட்டில் தன் வேலையைச் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். “பாருங்க சார், வேகமெல்லாம் இந்த ஓட்டை வழியாத்தான் போகுது, கொஞ்சம் இறுக்கிடுங்க” என்றார் அட்மிரல். அப்பா இறுக்கினார். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போயிற்று, வால்வு வாயைத் திறக்கவில்லை. “சார், முள்ளு...” என்று அப்பா இழுத்தார். “கேஜ் பொய் சொல்லுது சார், சின்ன கேஜ் எல்லாம் அப்படித்தான்” என்றார் அவர், அதையும் குளியலறைக்கு வெளியே நின்று, கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு, தொப்பியை மட்டும் நீட்டிச் சொன்னார். யாரிடம்? இருபத்தொன்பது வருடம் தொழிற்சாலையில் பிரஷர் கேஜ்களைச் சோதித்து ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்ட மனிதரிடம். அந்த மனிதர் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே, மூக்கு பாய்லரில் இடிக்கிற மாதிரி குனிந்து விளக்கைச் சரி செய்தார், பத்து மாதத்துக்கு முன்னால்தான் இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். நான் உள்ளே போய் ஈரத் துண்டைப் போட்டு விளக்கை அணைத்தேன். “வீட்டம்மாவுக்குப் பயம்” என்று கதவுக்கு வெளியே இருந்து சிரிப்பு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூங்காக் குளத்தில் வேறு சங்கத்துக்காரர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டுமாம். அந்த வால்வைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் அட்மிரலையே குனிந்து பற்றவைக்கச் சொல்லுங்கள் என்றேன். “பெரிய மனுஷன், மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது, சங்கத்துல ஒரு மரியாதை இருக்குல்ல” என்றார் உன் அப்பா. மூஞ்சி இருந்தால்தானே மரியாதை என்றேன். அன்றைக்கே வால்வைக் கழற்றி என் பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டில் போட்டு, அலமாரியில் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். தலையில் ஓட்டையோடு இருக்கிற பாய்லரில் அழுத்தம் ஏறாது, இவ்வளவு எனக்கும் தெரியும். நேற்று அட்மிரல் வந்து வால்வைக் காணாமல் மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடினார், பார்க்க மனத்துக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாகவே இருந்தது. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, “போகட்டும், ஒரு போல்ட்டைப் போட்டு அடைச்சிடுவோம்” என்றார். இந்த ஆளை நம்பித் தண்ணீர் கொதிக்கவைக்கிற கெண்டியைக்கூடக் கொடுக்கக் கூடாது. அப்பா போல்ட் டப்பாவைத் திறந்து கால்மணி நேரம் கடமுடவென்று கிளறினார், பிறகு “இந்த மரை அளவுக்கு போல்ட் நம்மகிட்ட இல்லையே சார்” என்றார். அந்த டப்பாவை எனக்குத் தெரியும். அந்த மரையில் ஏழெட்டு போல்ட், தனிப் பொட்டலமாகக் கட்டி, மேலே அளவு எழுதி இருக்கிறது. என்னை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வால்வை உனக்கு அனுப்புவது என்று நான் மனத்துக்குள் முடிவு செய்ததுதான், யாரிடமும் சொல்லவில்லை. இன்று காலை கண்ணாடிக் கூட்டைத் திறந்தால், வால்வு உன் அப்பா கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியில் சுற்றி இருக்கிறது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு, தொழிற்சாலையில் எழுதுகிற அதே பொடிக் கையெழுத்தில், “ஒன்றரைச் சுற்று கூடுதலாக இறுக்கப்பட்டது. சோதித்துத் திருப்பி அனுப்பவும்”, கீழே தேதி, கையெழுத்து. பார்த்தாயா உன் அப்பாவின் வீரத்தை? அந்தத் தொப்பியைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று ஒரு சொல் சொல்ல முடியவில்லை, பெண்டாட்டியைத் திருடியாக்கி, திருட்டுக்குச் சான்றிதழும் எழுதிக் கொடுத்திருக்கிறார். சீட்டை இரண்டு தடவை படித்தேன், கசங்காமல் மடித்து வைத்தேன். கோபம் ஆறியது என்று நினைக்காதே.

வால்வையும் சீட்டையும் இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். உன் பட்டறையில் சோதித்து, சிவப்புக் கோட்டில் திறக்கிற மாதிரி வைத்து, ஒருவரும் திருக முடியாதபடி நட்டின் மேல் அரக்கு வைத்து மூடி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேராது, வர வேண்டியதும் இல்லை, படகு கரையில் நின்று மின்னட்டும். இன்னொன்று, மறக்காதே, அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டு, அன்றைக்கு முள் காட்டியது சரிதானா என்று மட்டும் கேள். வாயால் எதற்கும் தலையாட்டுவார், எழுத்தில் இதுவரை ஒரு பொய் எழுதியதில்லை. அந்தப் பதிலை எனக்கு அனுப்பு, சங்கத்துச் சுவரில் நானே ஒட்டுகிறேன்.

நீ நல்ல ஆயுளோடும் நிமிர்ந்த முதுகோடும் இரு. குளிருக்குக் காதை மூடிக்கொள்.

இப்படிக்கு,
மேஜை இல்லாததால் மடியில் வைத்து எழுதும்
உன் அம்மா