ஏரிஃபார்ம் என்றால் என்னடி அர்த்தம்?

என் வாண்டுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே அப்பா தேறிவிட்டார், அதை முதலில் சொல்லிவிட்டேன், பதறாமல் மேலே படி.

போன வாரம் நம் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஐஸ் ஃபேக்டரி சுவரில் இங்கிலீஷில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், வியாழக்கிழமை குழாய் மாற்றும்போது ஏதோ ‘ஏரிஃபார்ம்’ வெளியே வருமாம். மளிகைக்கடைக்காரர் பார்த்துவிட்டு, “ஏரிக்கரையில ஃபார்ம் போடறாங்கக்கா, இனி மீன் சல்லிசாக் கெடைக்கும்” என்றார். நம் தெருவில் ஏரி ஏது, எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. மாடி வீட்டு வாத்தியாரைக் கேட்டேன். அவர் அகராதியைப் புரட்டி, காற்று மாதிரி இருப்பதை அப்படிச் சொல்வார்கள், கேஸியஸ், வேப்பரஸ், எத்தீரியல், எய்ரி என்று அதற்கு மாற்றுச் சொற்கள் போட்டிருக்கிறது என்றார். எத்தீரியல் கவிதையில் தேவதைக்கு வருமாம், எய்ரி என்றால் வாடகை வீட்டு விளம்பரத்தில் போடுகிற காற்றோட்டமாம். “நல்ல காத்துதாம்மா வரும்போல” என்று முடித்துவிட்டார்.

அந்த வியாழக்கிழமை அப்பாவுக்கு இளைப்பு அதிகம். சரி, நல்ல காற்றுப் படட்டும் என்று பின்பக்க ஜன்னலையெல்லாம் திறந்து கட்டிலையும் அங்கே இழுத்துப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மூக்கைக் கிழிக்கிற நெடி, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, இவர் பேச்சு வராமல் கையை ஆட்டுகிறார். விசிறச் சொல்கிறாரோ என்று நான் மடச்சி விசிறினேன்! பிறகுதான் ஜன்னலைக் காட்டுகிறார் என்று புரிந்தது. ஈரத்துணியை முகத்தில் போர்த்தி, தரதரவென்று வாசலுக்கு இழுத்து வந்தேன், எதிர்வீட்டு வேன்காரர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்ததும் வாத்தியார் வந்து நிலைப்படியிலேயே அழுதார். அப்பா இரைக்க இரைக்க, “அகராதியில நாலு அர்த்தம் இருந்தா நல்லதைத்தானே சார் மனசு எடுக்கும், உள்ள வாங்க” என்றார்.

எனக்குத்தான் ஆறவில்லை. நேரே ஃபேக்டரி மேனேஜரிடம் போய் நின்றேன். எல்லாருக்கும் புரியும் என்று நினைத்தாராம். “உங்களுக்குப் புரிஞ்சுதா சார்?” என்றேன். மிஷினோடு வந்த புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதினேன் என்று முனகினார். நான் நகரவில்லை. கடைசியில் நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார்: ‘விஷக் காற்று வரும், ஜன்னலைச் சாத்துங்கள், மூச்சு முட்டுகிறவர்களை வெளியூர் அனுப்புங்கள்.’ அடுத்த முறைக்கென்று அதைத்தான் இப்போது சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஆனாலும் ஒன்று விளங்கவில்லையடி, தேவதைக்கும் விஷத்துக்கும் ஒரே வார்த்தை எப்படி ஆகும்? நீ அங்கே இங்கிலீஷ் பாஷையிலேயே கிடக்கிறவள், தெரிந்தால் எழுது. புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. குறையில்லாமல் நீடு வாழுங்கள். அப்பா இப்போது முன்னறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார், நான் அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா