கவனக்குறைவு

மார்ச் 3, செவ்வாய்

பத்திரிகைக்காரர் வந்து போனார். வெற்றிகரமான குடும்பத் தொழில்கள் என்று ஏதோ தொடராம். எங்கள் சலவை நிலையத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம்.

படம் எடுக்கும்போது நடுவில் தம்பி. ஒரு பக்கம் அவன் மனைவி, மறுபக்கம் நாற்காலியில் அம்மா. எனக்குக் கிடைத்த இடம் சோப்புப் பீப்பாய்க்குப் பக்கத்தில். சரி, போகட்டும். ஆனால் "நானும் அக்காவும் சேர்ந்து ஆரம்பிச்சது" என்றானே, அதைத்தான் செரிக்க முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு மெஷினை வைத்துக்கொண்டு மூன்று விடுதிகளின் விரிப்புகளை நான் தனியாகத் துவைத்தபோது இவன் எங்கே இருந்தான்? ஆறாவது வருடம், வேலை போய், முகம் தொங்கிப்போய் வந்து நின்றான். வாடா என்றேன்.

அவன் வந்த பிறகுதான் வளர்ந்தோம். அதை மறைக்க மாட்டேன். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் படியேறி வேலை பிடித்தது அவன் வாய்தான். இன்று நாற்பத்திரண்டு பேர் இங்கே வேலை செய்கிறார்கள். அதற்காக என் ஐந்து வருடத்தை அப்படியே விழுங்கிவிடலாமா?

பத்திரிகைக்காரர் முன்னால் நான் வாயைத் திறக்கவில்லை. சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பும் படத்தில் வரும்.

மார்ச் 6, வெள்ளி

புது ஆஸ்பத்திரியின் வேலை தொடங்கிவிட்டது. விரிப்புகள் மலையாகக் குவிகின்றன. துவைப்பதில் சிக்கல் இல்லை. உருளை இஸ்திரியில்தான் எல்லாம் தேங்குகிறது. ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் கொதிக்கும் உருளைகள் இழுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் காய்ந்ததாகத் தள்ளும். விரிப்பு உள்ளே போகும் வாயில் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் அந்த நொடியே நின்றுவிடும். கனத்த விரிப்பு இடித்தாலும் நிற்கும். அதுதான் தம்பிக்கு எரிச்சல்.

இன்று பார்த்தேன். கம்பியின் ஒயரைக் கழற்றி, நுனியில் கறுப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள். யார் சொல்லி நடந்தது என்று எலக்ட்ரீஷியனைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தம்பியைக் கேட்கலாம் என்று போனேன். போனில் இருந்தான். போன வாரம் லீவு விஷயத்தில் போட்ட சண்டையே இன்னும் ஆறவில்லை. திங்கட்கிழமை கேட்டுக்கொள்ளலாம்.

மார்ச் 9, திங்கள்

கேட்கவில்லை.

மார்ச் 11, புதன்

இஸ்திரி அக்காவின் கை. வலது கை. எழுத முடியவில்லை.

மார்ச் 12, வியாழன்

என்னைவிட ஆறு வயது சின்னவள். ஆனாலும் அந்தத் தளத்தில் எல்லாருக்கும் அவள் இஸ்திரி அக்காதான், எனக்கும். பதினான்கு வருடமாக அந்த மெஷினின் வாயருகே நிற்கிறாள். நேற்று ஒரு விரிப்பின் ஓரம் மடிந்து போயிருக்கிறது. நீவிவிடக் கையை நீட்டியிருக்கிறாள். பதினான்கு வருடமும் செய்ததுதான். கம்பி நிறுத்தும் என்று அவள் கைக்குப் பழக்கம். நிறுத்தவில்லை.

மடிப்பு மேசையில் இருந்தவள் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். அதற்குள் மணிக்கட்டு வரை போய்விட்டது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருந்த விரிப்பைப் பார்த்தேன். ஓரத்தில் எங்கள் முத்திரை.

மார்ச் 13, வெள்ளி

கொதிக்கிறது. தொழிற்சாலை ஆய்வாளர் வருவதற்குள் ஒயரை மாட்டிவிட்டார்கள்! கம்பியைத் துடைத்துப் பளபளவென்று வேறு வைத்திருக்கிறார்கள். மதியம் தம்பி மனைவி ஆய்வாளருக்குக் கொடுக்க வேண்டிய விபத்து அறிக்கையோடு வந்தாள். ஆபீஸ் கடிதமெல்லாம் அவள்தான் அடிப்பாள். லைசென்ஸ் என் பெயரில் இருப்பதால் கையெழுத்து நான் போட வேண்டுமாம். மூன்றாவது வரியில் இருந்தது: பணியாளரின் கவனக்குறைவு.

யாருடைய கவனக்குறைவு? எந்தப் பணியாளர்? ஒரு விரிப்பில் தீய்ந்த வாசனை வந்தாலே சூட்டைக் குறைக்கச் சொல்லி என்னிடம் ஓடி வருகிறவளா?

படிக்கவே இல்லாதது மாதிரி தாளை மேசையில் வைத்தேன். அவள் போகாமல் நின்றாள். "அண்ணி, நான் அடிச்சது. நான் எழுதினது இல்ல" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

மார்ச் 15, ஞாயிறு

தம்பி வீட்டில் சாப்பாடு. தட்டில் கை வைப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்குள் நடந்ததை வெளியே கொண்டுபோகக் கூடாதாம். எது வீட்டுக்குள் நடந்தது? அவள் கை எங்கள் வீட்டுக் கையா? கேட்டால், எதிர்த்துப் பேசும் புத்தி எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிறதாம்.

தம்பி கத்தவில்லை. அதுதான் அவன் சாமர்த்தியம். புது வேலை கையை விட்டுப் போனால் பதினைந்து பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று நிதானமாகச் சொன்னான். பிறகு, "உன் இஷ்டப்படி விட்டிருந்தா இன்னும் அந்த ஒத்த மெஷின்லயே நின்னுட்டு இருப்பக்கா" என்றான்.

இருந்திருப்பேன்டா. பத்து விரலோட இருந்திருப்பா அவளும்.

சொல்லவில்லை. பாதியில் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில் செருப்பைத் தேடும்போதுதான் பயமாக இருந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை எங்கே போவேன்?

மார்ச் 16, திங்கள்

கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 18, புதன்

நானே எழுதினேன். நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். நாலிலும் தம்பி செய்தது வரிவரியாக இருந்தது; நான் செய்தது இல்லை. என்ன நியாயம் பேசுகிறேன் நான்? ஆறாம் தேதியே அந்த டேப்பைப் பார்த்தவள் யார்? போனில் இருந்தானாம். அவன் போனை வைக்கும் வரை ரெண்டு நிமிஷம் நிக்க முடியலையா உனக்கு? சண்டைக்குப் பயந்துக்கிட்டு, குடும்பம் குடும்பம்னு.

ஐந்தாவது தாளில் எழுதினேன்: "ஒயர் கழற்றப்பட்டிருந்ததை ஐந்து நாள் முன்பே நான் பார்த்தேன். நிறுத்தச் சொல்லவில்லை."

ஆய்வாளர் இரண்டு முறை படித்தார். வக்கீலைப் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

மார்ச் 20, வெள்ளி

உருளை இஸ்திரிக்கு சீல் வைத்துவிட்டார்கள். புது ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். தம்பி சாவிக்கொத்தை மனைவியிடம் கொடுத்தனுப்பிவிட்டான். இனி என் முகத்தில் விழிக்க மாட்டானாம்.

நல்லது. நானும் ஏங்கிக் கிடக்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

அம்மா போனை எடுப்பதில்லை. கை இஸ்திரிப் பெட்டியால் விரிப்புகளைத் தேய்க்கிறோம். நானும் நிற்கிறேன். யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. முதுகு விட்டுப்போகிறது.

ஏப்ரல் 2, வியாழன்

விசாரணை. நீளமான ஒரு அறை, சத்தம் போடும் மின்விசிறி. தம்பி எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தான், தாடியோடு. எல்லாவற்றையும் மறுப்பான், எலக்ட்ரீஷியன் தலையில் கட்டுவான் என்றுதான் நினைத்தேன். பதிலெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

அவன் எழுந்து, ஒயரைக் கழற்றச் சொன்னது தான்தான் என்றான். ஆய்வாளர் என் கடிதத்தைக் காட்டி, அக்காவுக்கும் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியாதுங்க. பழிய பங்கு போட்டுக்கறதுக்காக அப்படி எழுதியிருக்காங்க. அவங்களுக்கு எதுவும் தெரியாது."

எனக்கு வந்த கோபம்! யாருடா உன்னைக் கேட்டது? என் ஐந்து வருடத்தை எடுத்துக்கொண்டாய், பேசாமல் இருந்தேன். இப்போது என் தப்பையும் எடுத்துக்கொள்வாயா? எழுந்து நின்றேன். "தெரியும். பார்த்தேன். பேசாம போயிட்டேன். அவன் பொய் சொல்றான்" என்றேன். உட்காரும்போது நாற்காலி எங்கே இருக்கிறது என்று கையால் தேட வேண்டியிருந்தது.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். சின்ன வயதில் இவன் அடி வாங்கும்போது இப்படித்தான் பார்ப்பான்.

அபராதம் இருவர் பெயரிலும் எழுதப்பட்டது. அவளுடைய சிகிச்சைக்கும் சம்பளத்துக்கும் நிலையம்தான் பொறுப்பு என்றார்கள். வெளியே வந்து ஒரே படிக்கட்டில் இறங்கினோம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் வாசலில் வண்டிச் சத்தம். தம்பி. உள்ளே வரவில்லை. இஸ்திரி அக்கா வீட்டுக்கு எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று கேட்டான். பதினான்கு வருடம் கழித்துக் கேட்கிறான். வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

மூன்றாவது மாடி. அவளே கதவைத் திறந்தாள். கட்டுப்போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அவனை, நிறைய நேரம்.

"செருப்ப வெளியவே விட்டுட்டு வாங்க. இப்பதான் தரைய தொடச்சேன்" என்றாள். "இடது கையால."

அவன் மன்னிப்புக் கேட்பதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டான். குனிந்தான். ஷூ நாடாவை அவிழ்க்க அவனுக்கு வெகு நேரம் ஆனது.