ஜெஞ்சாரோம் வீட்டு அக்கார்டியன்

கிள்ளான்,
ஆகஸ்ட் 11, திங்கள்.

அன்புள்ள மலர்விழிக்கு,

அத்தை கைத்தடி ஊன்றி வாசல்வரை நடந்த படத்தைப் பார்த்தேன். நிம்மதியாக இருந்தது. மாத்திரையை நேரம் தவறாமல் கொடு. நீயும் வேளைக்குச் சாப்பிடு.

தினமும் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ "எப்படி இருக்கீங்க" என்று கேட்டதும் என் வாய் தானாக "நல்லா இருக்கேன்லா" என்று சொல்லிவிடுகிறது. எழுதும்போது அப்படி வருவதில்லை.

அத்தையைப் பார்த்துக்கொள்ளத் தைப்பிங்குக்கு பஸ் ஏறிய அன்று நீ என்னிடம் ஒரு வாக்கு வாங்கினாய். அந்த வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்று. போலீஸே உங்கள்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டது, மழையில் பைக் சறுக்கி அவர்தான் லோரிக்கு அடியில் வந்தார், நீங்கள் போய் நின்றால் இரண்டு பக்கமும் வேதனைதான் என்றாய். சரி என்றேன். ஜூன் மாதம் போய்விட்டேன்.

துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் ஜெஞ்சாரோம் போனேன். இறந்துபோன கமலநாதனின் மனைவி இராஜம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அக்கார்டியன் பாக்க வந்தீங்களா தம்பி? போன்ல கேட்டது நீங்களா?" என்றார். அவர் மகள் அதை விற்பதாக ஃபேஸ்புக்கில் போட்டிருந்தாளாம். நான் யார் என்று சொல்லவில்லை. "ஆமாக்கா" என்றேன்.

பெட்டியைத் திறந்து காட்டினார். சிவப்பு நிறம், பழசு, தோல் பட்டையில் பூஞ்சை வாசனை. அவர் கணவர் பழைய சாமான் கடையில் வாங்கி, ஆறு மாதம் யூடியூப் பார்த்துப் பழகினாராம். "ஒரு பாட்டுகூட முழுசா வரல தம்பி. வாசிக்கிற ஆளு கைக்குப் போனா போதும்" என்றார். கேட்ட பணத்தையும் என் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு, நான் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வாசிக்கிற ஆள் என்று நடித்து வாங்கியாயிற்று, அந்தப் பொய்யையாவது பாதி மெய்யாக்கலாம் என்று வெளியே எடுத்தேன். இதில் பியானோக் கட்டை கிடையாது. வலப்பக்கம் இரண்டு வரிசைப் பொத்தான்கள், இடப்பக்கம் எட்டு. ஒரே பொத்தானை அமுக்கிக்கொண்டு துருத்தியை இழுத்தால் ஒரு சத்தம், தள்ளினால் வேறு சத்தம். இது தெரியாமல் முதல் நாள் முழுக்கக் கெட்டுப்போன பெட்டி என்றே நினைத்தேன். காற்றை வெளியே விடுவதற்கு இடது கட்டைவிரல் பக்கம் தனிப் பொத்தான் உண்டு. அதை அமுக்காமல் மூடப் போய், துருத்தியின் மடிப்பைக் கிழிக்கப் பார்த்தேன். மேல்மாடி கௌசலா ஆன்டி இறங்கி வந்து, "என்னா விமலன், வீட்டுல வாத்து வளக்கிறியா?" என்று கேட்டார். விபத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தேன். சிரித்த பிறகு சோறு இறங்கவில்லை.

பொத்தான்களின்மேல் பிளாஸ்டர் ஒட்டி எண் எழுதிவைத்திருக்கிறார் அந்த மனிதர். பெட்டி மூடிக்குள் ஒரு தாள் இருந்தது. எண்களும், இழுக்கவும் தள்ளவும் அம்புக்குறிகளும். அதை வைத்துத்தான் பழகினேன். மூன்று வரி முழுதாக இருக்கிறது. நாலாவது வரியில் இரண்டு எண், அப்புறம் ஒன்றுமில்லை. என்ன பாட்டு என்று எனக்குப் பிடிபடவில்லை.

போன வாரம் இராஜம்மா அக்கா போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து கொஞ்சம் வாசித்துக் காட்ட முடியுமா, மகள் கேட்கிறாள் என்றார். மறுக்க முடியவில்லை மலர்.

நேற்றுப் போனேன். அந்த மூன்று வரியை வாசித்தேன். இரண்டு இடத்தில் தப்பு. மகள் விஷ்ணுப்ரியா, "அப்பாவும் அங்கதான் தப்பு பண்ணுவாரு" என்றாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. அந்த லோரியை ஓட்டியவன் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "அவரு ஏதாச்சும் சொன்னாரா?"

உன்னிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு நினைவு இருந்தது. "பைக்க ஓரமா எடுத்து வைங்க தம்பி, பின்னால வர்றவங்களுக்கு எடஞ்சலா இருக்கும்" என்றார். கையை விட்டுவிட்டுப் போய் எடுத்து வைத்தேன். திரும்பி வந்தபோது அவர் இல்லை.

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு, "போங்க தம்பி. இனிமே வராதீங்க" என்றார். அக்கார்டியனை அங்கேயே வைக்கப் போனேன். "அத எடுத்துட்டுப் போங்க. இங்க இருந்தா அவ ஒடச்சிடுவா" என்றார். வாசல் கேட் வரை வந்து, அந்தத் தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

செய்தது சரியா என்று தெரியவில்லை. நீ பயந்தபடியே வேதனையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், கூடவே இரண்டு மாதப் பொய்யையும். இன்னொரு பொய்யும் இருக்கிறது. லோரி ஓட்டுகிறேன் என்று உன்னிடம் சொன்னேனே, இல்லை. மார்ச்சிலிருந்து போர்ட் கிள்ளான் கிடங்கில் சரக்குப் பெட்டிகளின் எண்ணை எழுதுகிறேன். அடுத்த திங்கள் லோரி எடுத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். நீட்டிய சாவியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

உடனே வா என்று கூப்பிட எனக்கு நியாயம் இல்லை. அத்தை தனியாக எழுந்து நடக்கும்வரை நீ அங்கேதான் இருக்க வேண்டும். ஆனாலும், முதல் இரண்டு நாள் நீ பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தால் ஓட்டிவிடுவேன் என்று தோன்றுகிறது. கம்பெனியில் விடமாட்டார்கள், தெரியும். சும்மா எழுதினேன்.

தைப்பிங்கில் சாயங்காலமானால் மழை பிடித்துக்கொள்ளும். கடைக்குப் போகும்போது ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்து போ மலர். பார்த்துப் போ.

உன்,
விமலன்