புனேயிலிருந்து வந்த போன்

அக்கா,

இன்று காலையில் என் மகள் தன் கைக்குழந்தைக்குக் கொடுக்க கிரைப் வாட்டர் பாட்டிலைத் திறந்தாள். சோம்பும் இனிப்பும் கலந்த அந்த வாசனை அடுப்படி வரைக்கும் வந்தது. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். ராஸ் அல் கைமாவில் நாம் சேர்ந்திருந்த அந்த இரண்டாம் மாடி வீடும், அதன் சமையலறை அலமாரியில் நீங்கள் வரிசையாக அடுக்கி வைத்திருந்த நாலு பாட்டில்களும் கண்முன் வந்தன. குழந்தை வருவதற்கு முன்பே வாங்கி வைத்தவை. வராமல் போன பிறகும் தேதி முடிந்து வெகுநாள் அங்கேயே இருந்தன. நீங்கள் எறியவில்லை. எறிந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. படிக்க முடியாத ஆளுக்கு எழுதுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

நான் முதன்முதலில் அந்த ஆஸ்பத்திரியில் டியூட்டிக்குச் சேர்ந்தபோது நீங்கள் ஆபரேஷன் தியேட்டரில் சீனியர் நர்ஸ். நாம் இரண்டு பேரும் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர்கள் என்று தெரிந்த அன்றே என் பெட்டியை ஹாஸ்டலிலிருந்து எடுக்க வைத்தீர்கள். "ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு பிள்ளே. வா." டைல்ஸ் ஃபாக்டரியில் சூளைப் பிரிவில் வேலை பார்த்த உங்கள் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிட்டவர், அன்று மாலையே எனக்காக ஒரு கட்டிலைத் தலையில் வைத்துப் படியேற்றிக் கொண்டுவந்தார். சும்மா கிடந்த அந்த அறை யாருக்காகக் காத்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

என் வீட்டுக்காரர் அப்போது கத்தாரில், ராஸ் லஃபானில் வேலை. எங்கள் மகளை எட்டு மாதத்தில் மாமியாரிடம் விட்டுவிட்டு நான் விமானம் ஏறியிருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் காலையில் போன் கார்டைச் சுரண்டி ஊருக்குப் பேசுவேன். மாமியார் போனை அவள் காதில் வைப்பார். "துபாய் அம்மாட்ட பேசு மக்கா." அவள் பேச மாட்டாள். அவளுக்கு மாமியார்தான் அம்மா. நான் துபாய் அம்மா. துபாயில்கூட நான் இல்லை.

மூன்று முறை கரு கலைந்த பிறகு, நீங்களும் அண்ணனும் பிள்ளை எடுத்து வளர்ப்பது என்று முடிவு செய்தீர்கள். புனேயில் ஒரு குழந்தைகள் இல்லம். மாதக்கணக்கில் காகிதங்கள் போயின, வந்தன. கடைசியில் ஒரு போட்டோ வந்தது. எட்டு மாதப் பெண் குழந்தை. உருண்டைத் தலை, ஒட்ட வெட்டிய முடி, யாரையோ சந்தேகத்தோடு பார்க்கிற முகம். இல்லத்தில் அவளுக்குச் சோனா என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயரை மாற்றலாமா என்று அண்ணன் கேட்டதற்கு, "அவளுக்க கிட்ட இருக்கது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கணுமா?" என்றீர்கள்.

நான் வேறு வீடு பார்க்கிறேன் என்று சொன்னபோது கோபப்பட்டீர்கள். "நீ எங்கயும் போகண்டாம். பிள்ளைக்குச் சித்தி வேணும்லா?"

பிள்ளையை அழைத்துவரப் புனேக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, குட்டிக் கவுன்களை மடித்துக்கொண்டே சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டீர்கள். "ஒனக்க மகளை எப்பிடி ஒறங்க வைப்பே? மடியிலயா, தோள்லயா? எல்லாம் படிச்சிருக்கோம். இது மட்டும் எந்தப் புஸ்தகத்திலயும் இல்ல."

எனக்குத் தெரியவில்லை அக்கா. விட்டுவிட்டு வரும்போது பால் குடித்தபடியே தூங்குகிற குழந்தை. நீங்கள் கேட்டபோது அவளுக்கு நாலு வயது. எப்படித் தூங்குகிறாள், யார் பக்கத்தில், எந்தப் பக்கம் திரும்பி, ஒன்றும் தெரியாது. "தோள்ல" என்று எதையோ சொல்லி வைத்தேன். நீங்கள் அதை மனசில் குறித்துக்கொண்டு தலையாட்டினீர்கள். அந்த நிமிஷத்தில் என்னுள் எதுவோ கசந்தது. நான் பெற்ற பிள்ளை எனக்கு இல்லை. பெறாத உங்களுக்கு ஒன்று விமானத்தில் வரப்போகிறது. அந்தக் கசப்புக்கு நீங்கள் ஒரு குற்றமும் செய்திருக்கவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் சார்ஜா விமான நிலையத்திலிருந்து கிளம்பிப் போன மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மகளிடம் பேசக் காலையில் போன் செய்தேன். பின்னால் அவள் கத்துவது கேட்டது. "துபாய் அம்மா வேண்டாம், துபாய் அம்மா வேண்டாம்." அப்படியே டியூட்டிக்குப் போனேன். மதியம் புனேயிலிருந்து என் மொபைலுக்கு அழைப்பு வந்தது. உங்களுக்கு நற்சான்று கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி அல்லவா? இல்லத்துப் பெண்மணி மரியாதையாக, இதமான ஆங்கிலத்தில் பேசினார். எத்தனை வருடப் பழக்கம், வீட்டில் சண்டை சச்சரவு உண்டா என்றெல்லாம் கேட்டார். நல்லபடியாகவே பதில் சொன்னேன். கடைசியாக, தாயாகப் போகிறவரின் மனநிலை பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா என்றார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மூன்றாவது கலைந்தபோது நீங்கள் தூக்க மாத்திரைகளை எடுத்துக்கொண்டதைச் சொன்னேன். அண்ணன் சரியான நேரத்தில் பார்த்துவிட்டதைச் சொன்னேன். வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டதையும் சொன்னேன். அது நான் வருவதற்கு முன்பே நடந்து முடிந்த கதை. ஒரு மழை நாளில், என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களாகவே எனக்குச் சொன்னது. அதன் பிறகு ஒரு நாள்கூட நீங்கள் தடுமாறியதில்லை, தியேட்டரில் அத்தனை பேருக்கும் தைரியம் சொன்னவர் நீங்கள்தான். இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பெண்மணி நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

உண்மையைத்தானே சொன்னேன், ஒரு குழந்தையின் வாழ்க்கை அல்லவா என்று அன்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது குழந்தைக்காகச் சொன்ன உண்மை இல்லை என்பது சொன்ன வாய்க்குத் தெரியும்.

உங்களை அழைத்துவர விமான நிலையத்துக்கு வந்தேன். டிராலியில் குட்டிக் கவுன்களை அடுக்கிக்கொண்டு போன நீலப் பை ஜிப் திறக்காமல் அப்படியே இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினார். காரில் கல்குவாரி மலைகள் தெரிந்தபோது சொன்னீர்கள்: "ரெண்டு மணி நேரம் எனக்க மடியில இருந்தா. செயினைப் புடிச்சிக்கிட்டு விடவே மாட்டேன்னா. அதுக்குப் பிறகு எங்கள உள்ள கூப்பிட்டு அந்த மாத்திரை விஷயத்தக் கேட்டாவ. பேசி முடிச்சு வெளிய வந்தா, பிள்ளையைக் காணல."

மருத்துவச் சான்றுகளோடு பிறகு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார்களாம். சோனாவை அதற்குள் வேறொரு தம்பதிக்குக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் மறுபடி விண்ணப்பிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் கேட்டீர்கள். "ஒனக்குப் போன் வந்துதா பிள்ளே?"

"வந்துது. நல்லவிதமாத்தான் சொன்னேன்."

"தெரியும். ஒன்னைய சந்தேகப்பட்டா எனக்க நாக்கு அழுகிரும்."

அப்புறம் நீங்களே யோசித்துச் சொன்னீர்கள், "மைனிதான்" என்று. அண்ணனின் அக்கா. அந்த மாத்திரை விஷயம் நடந்தபோது விசிட் விசாவில் வந்திருந்து உங்களுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். அண்ணனையும் என்னையும் தவிர விஷயம் தெரிந்த ஒரே ஆள். எவள் பெற்ற பிள்ளையோ, எதுக்கு இந்த வேலை என்று போனில் சொன்னவரும் அவர்தான். என் முகத்தைப் பார்த்து, "மைனியாத்தானே இருக்கும்?" என்றீர்கள்.

"இருக்கும்" என்றேன்.

போனில் சொன்னதைவிட இந்த ஒரு வார்த்தைதான் அக்கா எனக்குப் பெரிய அசிங்கம். முன்னதைக் கோபத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். இதை நிதானமாக, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு சொன்னேன்.

அண்ணன் ஊருக்குப் போன் போட்டுக் கத்தினார். அந்தம்மா மாதா மேல் ஆணையிட்டு அழுதார்களாம். அதோடு பேச்சு நின்றது. அவர் மகன் கல்யாணத்துக்கு நீங்கள் போகவில்லை.

இதற்குப் பிறகு நீங்கள் எனக்குச் செய்ததுதான் என்னால் தாங்க முடியாதது. "எனக்கோ இல்ல. நீயாவது ஒனக்க பிள்ளையக் கொண்டு வா" என்று பிடிவாதமாக நின்றீர்கள். அண்ணனிடம் சொல்லிச் சொல்லி, என் வீட்டுக்காரருக்கு ராஸ் அல் கைமா சிமெண்ட் ஃபாக்டரியில் வேலைக்கு வழி செய்தீர்கள். அவர் வந்தார், விசா கிடைத்தது, மகள் வந்தாள். என் கையைப் பிடிக்கவே மாட்டேன் என்றவளை நீங்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் தள்ளிவிட்டீர்கள். நான் டியூட்டி முடிந்து வரும்போது அவள் உங்கள் தோளில் தூங்கிக்கொண்டிருப்பாள். "சத்தம் போடாம வாங்கிக்கோ" என்று என் தோளுக்கு மாற்றிவிடுவீர்கள். அப்படித்தான் அவள் என்னோடு சேர்ந்தாள். உங்களைப் பெரியம்மா என்றாள். என்னை வெறும் அம்மா என்றாள்.

ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடுவேன் என்றிருந்தேன். சொன்னால் மகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது. மறைக்க வேண்டாம்.

நீங்கள் வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகு, உங்களுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரம் நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் உங்கள் மைனி வந்து வராந்தாவில் நின்றார். கையில் தூக்குவாளியில் கஞ்சி. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு என்னிடம் சொன்னீர்கள். "போகச் சொல்லு. அவ மொகத்தப் பாத்துக்கிட்டு நான் சாவண்டாம்."

நான் எழுந்து வெளியே போனேன். அந்தம்மா என்னை நம்பிக்கையோடு பார்த்தார். "டாக்டர் யாரையும் விடக் கூடாதுன்னு சொல்லிருக்காரு" என்றேன். "இந்தக் கஞ்சியாவது குடுத்துரு மக்கா" என்று வாளியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதை வராந்தாத் தொட்டியில் ஊற்றினேன்.

உங்கள் நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். போனில் சொன்னது, 'இருக்கும்' என்றது, கஞ்சி. அவர் அழுவார், அடிப்பார், மன்னிப்பார், ஏதோ ஒன்று நடக்கும் என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்:

"அன்னைக்கு வராந்தாவுல வச்சு உள்ள திரும்பிச் சொல்லியிருந்தா, அவ உயிரோட கேட்டிருப்பாளே. இப்ப எனக்க கிட்ட சொல்லி யாருக்கு என்ன? போ. தம்பிகிட்டப் போய்ச் சொல்லு."

உங்கள் வீட்டு முன்வாசலில் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது அண்ணே."

"நல்லது. தெரிஞ்சிருந்தா அவளுக்கு இந்த ஒலகத்துல ஒருத்தரும் இல்லாமப் போயிருக்கும்." சட்டையை மாட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்கு நடந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்று வரைக்கும் பேசவில்லை. இப்போது சாப்பாடு அவருக்கு அக்கா வீட்டில்தான்.

சோனாவை நினைக்காத நாள் இல்லை. அவளுக்கு நல்ல வீடு கிடைத்திருக்கும் என்று சொல்லிக்கொள்வேன். கிடைத்திருக்கலாம். அது என் கணக்கில் வராது.

என் மகளிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை அக்கா. அவள் உங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சும்மா 'ம்' கொட்டிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் கேட்டாள், "பெரியம்மா ஏம்மா பிள்ளை எடுக்காமலே விட்டுட்டாங்க?" ஏதோ பேப்பர் சரியில்லையாம் என்றேன். அண்ணனிடம் சொல்ல வந்த வாய் அவளிடம் வரவில்லை. தெரிந்தால் 'அம்மா வேண்டாம்' என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அன்றைக்குப் புனே போனை எடுத்தபோது நெஞ்சில் இருந்த பயமும் இதேதான். உங்கள் வீட்டையே அழித்துவிட்டும் அது என்னை விட்டுப் போகவில்லை.